எறும்பை எருமையாக்கும் லென்ஸ்

மாரண்டஹள்ளி தீர்த்தகிரியின் கேமரா லென்ஸ் எறும்பை எருமைக்கடாவாக்கும். எட்ட நிற்பவரை வெறும் புகையாக்கும். யுத்த காலத்தில் வேறு லென்ஸும் கிடையாது, இன்னொரு படத்துக்கு பிலிமும் கிடையாது. மகளை முழத் தொலைவில் உட்காரவைத்து, லென்ஸ் வளையத்தை ஆயிரம் தரம் திருப்பி எடுத்த ஒரே படத்தை அரூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அதையா அனுப்புனீங்க? சம்பந்தம் போச்சு!" மனைவி கோவிந்தம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் மாப்பிள்ளையின் ஆத்தா தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினாள்.

"பொண்ணு புடிச்சிருச்சுங்க!"

தீர்த்தகிரி தட்டை வாங்கவில்லை. "வெக்கத்துல ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டாளே! படத்துல வெறும் கைதானுங்களே இருக்குது?"

"நகக்கண்ணுல களை வெட்டுன மண்ணு பளிச்சுனு தெரிஞ்சுதுங்க. எங்க காட்டுல மூஞ்சியா வந்து களை வெட்டப்போவுது?"