வம்சம் பார்த்த நாய்

புடாபெஸ்ட்டிலிருந்து பறவை வேட்டைக்கு வந்த தெஜோ, எங்கள் வேட்டை விடுதியின் நாய்க் கொட்டடி முன்னால் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

“விஸ்லா நாய் வேணாம்யா பாலின்ட். பறவையக் கண்டா சிலையா நின்னுடும்.”

“அப்ப ஸ்பேனியல்தாங்க. புதருக்குள்ள பூந்து கிளப்பிவிடும்.”

“இந்தக் கிழடா?”

“எதுவா இருந்தா என்னங்க?” என்றேன், வெறுத்துப்போய்.

“மடையா! வேட்டைல பாதி நாய்தான். வம்சம் பாக்கணும்.”

நாய்களின் வாயைத் திறந்து பல்லெல்லாம் பார்த்து, ஓர் இளம் ஸ்பேனியலைத் தேர்ந்தெடுத்தார்.

சோளக்காட்டோரம் அவிழ்த்துவிட்டதும் அது எலி வளையைத் தோண்ட ஆரம்பித்தது. தெஜோ துப்பாக்கியோடு என்னை முறைத்தார். நான் விசிலடித்தேன்.

படபடவென்று பத்துப் பன்னிரண்டு ஃபெசன்ட் பறவைகள் புதரிலிருந்து எழும்பி, நேராக எங்களை நோக்கியே வந்தன.

அவர் சுட்டார். இரண்டு விழுந்தன.

“பாத்தியா? வம்சம் பேசுதுய்யா!”

நாய் இன்னும் வளைக்குள்தான் மூக்கை விட்டிருந்தது.

சூடு ஆறாத பறவைகளைக் கையில் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த விசில் நாய்க்கு அடித்ததல்ல. குஞ்சிலிருந்து ஐந்து மாதமாக, தீனி வைக்கும்போதெல்லாம் அந்தப் பறவைகளைக் கூப்பிட நான் அடிக்கும் விசில்.