இணைச்சீருக்கு ஒரு தங்கை

ஜீப் ஹாரன் கேட்டதும் கொழிஞ்சாம்பாறையில் அந்தக் கல்யாண வீடு பரபரத்தது. பெண்ணின் தகப்பனார் சென்னிமலை, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்.

"பழனாத்தாளை உள்ளே விட்டுப் பூட்டு!" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் மாரப்பன்.

இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் கூடை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் சித்தப்பா மகளை நிறுத்தியிருந்தார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ இல்லீங்களா?" என்று கேட்டார் சென்னிமலை.

"ஒத்தைக்கொரு பையனுங்க" என்று மாரப்பன் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளறைக் கதவு தடதடத்தது.

"அண்ணா! கூடை நாந்தான் எடுக்கோணும்னு சொன்னியே!"

மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவைத் திறந்தான். சாய்ந்த சின்னக் கண்களும் குட்டை விரல்களுமாக, இருபது வயதுப் பழனாத்தாள் வந்தாள்.

"நீ போடி, இது எங்கண்ணன்" என்று கூடையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

மாரப்பன் குறுக்கே ஓடி வந்தார். "தொத்து வியாதியில்லீங்க. பொறவியிலயே அப்படி. டவுன் சிண்ட்ரோம்னு கோயமுத்தூர் டாக்டர் சொன்னாருங்க. தெரிஞ்சா கல்யாணம் நின்னுருமோன்னுதான் மறைச்சேனுங்க."

சென்னிமலை வாசலுக்கு நடந்தார். "வண்டியை எடுப்பா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

மாரப்பன் பின்னாலேயே ஓடினார். சென்னிமலை டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மாப்பிள்ளையோட கைகோக்கற சீருக்குப் பொண்ணோட சொந்தத் தம்பிதான வேணும்? ஊட்டுல பூட்டி வெச்சுட்டு வந்த நம்ம பையனைக் கூட்டிட்டு வா. அவனும் இந்தப் புள்ளையாட்டத்தான இருக்கறான்!"