சுவர்ப் பக்கம் திரும்பிய பிரபு

அம்பிகை அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கோபமாகத்தான் இருந்தாள். போதாக்குறைக்கு, வேலைக்கு வந்த வீட்டில் பிரபுவின் படத்தை யாரோ சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

ஹேல்மர்டன் பிரபு என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துச் சீமான். நெஞ்சுச் சளிக்கு வெயில் தேடி இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்து, கடலோரக் கால்சாப் பகுதியில் இந்த மாளிகையை வாங்கி, இங்கேயே கண்ணை மூடியவர். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா ஸ்ரெல்லா, அவர் பரம்பரை. அவர் படத்துக்குப் பல வருடமாகத் தூசு தட்டுகிறவள் அம்பிகை.

"செத்த மனிசனை இப்பிடியோ அவமதிக்கிறது? எங்கடை வீடெண்டால் மாலை போட்டு விளக்கு வைப்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை நேராக்கினாள்.

"தொடாதே அம்பிகை" என்றபடி சிஞ்ஞோரா காப்பிக் கோப்பையோடு வந்தாள். "சனிக்கிழமை இங்கே என் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம்."

"அதுக்கு இவர் என்ன செய்தவர்?"

"இவருக்கு இரண்டு மகன், ஒரு மகள். மகள் இந்தக் கடற்கரை மீன்காரன் மகனைக் கட்டுவேன் என்று நின்றாள். குலமென்ன, கோத்திரமென்ன என்று குதித்தார். கல்யாணத்துக்கே போகவில்லை. கடைசியில் மகன்மாருக்குப் பிள்ளையில்லை. இன்று அவர் பேர் சொல்ல இருப்பது அந்த மீன்காரன் வழி வந்த நாங்கள்தான்."

"படம்?"

"அவரும் மகன்மாரும் போனபிறகு வீடு மகளுக்கு வந்தது. தன் மகளின் கல்யாணத்தை இந்தக் கூடத்தில்தான் வைத்தாள். அன்றைக்குத்தான் முதலில் திருப்பினாள்."

"பெத்த தகப்பனிலை இவ்வளவு வன்மமோ? பிள்ளையள் எல்லா இடத்திலையும் ஒண்டுதான்." அம்பிகை துணியை உதறினாள்.

"உன் மகள் கேசிகாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் அல்லவா?"

"அந்தக் கதையை விடுங்கோ. மாப்பிளை கீர்த்திகனாம், மொண்டெல்லோக் கடற்கரையிலை சாப்பாட்டுக் கடையிலை வேலையாம். நல்ல பெடியன் எண்டுதான் எல்லாரும் சொல்லினம். ஊரிலை விசாரிச்சால் எங்கடை ஆக்கள் இல்லை. நான் வரமாட்டன் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டன். அதுக்கு அவள் செய்த வேலையைப் பாருங்கோ."

"என்ன செய்தாள்?"

"இண்டைக்குப் பஸ்ஸிலை எங்கடை ஊர் மரியமலர் கேக்கிறா, முழங்கால் நோவு எப்பிடி, கலியாணத்துக்கும் வர ஏலாதாமே எண்டு. கேசிகா எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லித் திரியிறாளாம். ஊர் முழுக்க என்னை நொண்டியாக்கிப்போட்டாள் பொய்க்காரி. இப்பவும் மூண்டு மாடி ஏறித்தானே வந்தனான்."

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, பிரபுவை மறுபடியும் மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"வன்மத்தில் திருப்பினாள் என்றா நினைத்தாய்? கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் படத்தைக் காட்டிக் காட்டி, 'மகள் கல்யாணத்துக்கு வராத கல்நெஞ்சுக்காரன் இவன்தானே' என்றார்கள். அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. என் அப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று திருப்பிவிட்டாள். அந்த வழக்கத்தை நாங்களும் விடவில்லை."

அம்பிகை படத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்திருப்பாளே அந்தப் பெண் என்று நினைத்தாள். பிறகு தன் பெண்ணையும், அவள் ஊருக்குச் சொன்ன முழங்கால் பொய்யையும் நினைத்தாள்.

பல்கனிக்குப் போனாள். உலகக் கோப்பைக் கால்பந்துக்குக் கட்டிய கொடி இன்னும் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. போனை எடுத்தாள்.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன்."

கேசிகா வாய் திறக்குமுன்பே அம்பிகை கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு முகூர்த்தம்?"

"பத்துக்கு... ஏனம்மா?"

"மரியமலரிட்டைச் சொல்லிவிடு, அம்மாவின்ரை முழங்கால் சுகமாப் போச்சுதெண்டு."