மெழுகுதிரிகளைச் சுற்றிய வானவில்

கண்ணுக்குள் புது லென்ஸ் பொருத்தி மூன்றே நாளான சூசை, மாலைப் பூசையில் மெய்சிலிர்த்துப்போய் முழந்தாளிட்டிருந்தார்.

“அமலி, ஒவ்வொரு மெழுகுதிரியச் சுத்தியும் வானவில்லுடி! நாப்பது வருச செபத்துக்கு இன்னைக்குத்தான் மாதா காட்சி குடுக்கிறா.”

அமலியின் மோதிரம் சுட்டது. கணவரின் கண்ணழுத்தம் ஏறினால் விளக்குகளைச் சுற்றி வானவில் தெரியும்; லென்ஸ் அவள் மோதிரத்துக்குத்தான் சேதி அனுப்பும். இனித் தாமதித்தால் பார்வை போய்விடும்.

“கண்ணு வலிக்குதாங்க?”

“லேசாத்தான். இத விட்டுட்டு வரமாட்டேன்.”

அந்த முகத்தின் ஆனந்தத்தை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“மாதா உங்களுக்கு ஒளியாக் காட்டினத எனக்குச் சூடாக் காட்டுறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க.”

சூசை பீடத்தை நோக்கிக் கும்பிட்டார்.

“கோவிச்சுக்காத தாயே, இவ பயப்படுறா” என்று சொல்லி, அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.