ஒரு தடவைதான் கேட்டான்

"கனடாவுல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேங்க. மதியம் ஒரு மணி. பச்சைத் தண்ணி குடுக்கல!"

எலியேசர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னதும், கீழ்க்கட்டளை குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாப் பந்தலே 'ச்சூ' கொட்டியது. பட்டிமன்றத் தலைப்பு, 'விருந்தோம்பலில் சிறந்தது நம் நாடா, வெளிநாடா?' எலியேசர் நம் நாட்டு அணி. போன வருடம் கங்கம்மா டீச்சரிடம் தோற்றதிலிருந்து மனிதருக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. இந்தத் தடவை பொன்னாடை தன் தோளில் விழுந்தே ஆகவேண்டும் என்று, டொரோண்டோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் குளிரில் நடுங்கிவிட்டு வந்த அனுபவத்தை மொத்தமாக அவிழ்த்துவிட்டார்.

முன்வரிசையில் மனைவி மெட்டில்டா, இந்தக் கதை வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்கிற நேரத்தில் பெண்டாட்டியை எவன் பார்ப்பான்!

"சாப்பிட்டாச்சான்னு கேட்டான் அந்த வீட்டுக்காரன். ஆச்சுன்னேன். நம்ம ஊர்ல ஆச்சுன்னு சொன்னா என்னங்க அர்த்தம்?"

"இன்னொரு தபா கேளுன்னு அர்த்தம்!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"கரெக்ட்! ரெண்டாவது தடவை கேப்போம். மூணாவது தடவை கையைப் புடிச்சு இழுத்து இலை முன்னால உக்கார வெப்போம். அவன் ஒரு தடவைதாங்க கேட்டான்! 'அப்ப சரி'ன்னுட்டு என்னை ஹால்ல விட்டுட்டு, குடும்பத்தோட உள்ள போய்ச் சாப்பிட உக்காந்துட்டான். தட்டுச் சத்தம் கேக்குது. வறுத்த கறி வாசனை வேற!"

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. எலியேசருக்கு அன்றைய பசி இப்போதும் வயிற்றைக் கிள்ளியது.

நடுவர் சுப்பராயலு அந்த ஊரில் பாதி மனைக்குச் சொந்தக்காரர். அவர் கொதித்துப்போய் எழுந்தே விட்டார்.

"அடப் பாவி! வந்த மனுசன் பசியோட குந்திகினு கீறாரு, இவன் உள்ள துன்னுகினு கீறானா? அவன சொல்லி இன்னா பிரயோசனம்? பெத்தவன் மூஞ்சில துப்பணும்! ஒருத்தனுக்கு ஒரு வாய் சோறு போட்டிருந்தா தானே புள்ளைக்குத் தெரியும்!"

விசில் பறந்தது. சுப்பராயலு பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எலியேசரிடம் வந்தார். "சாரு, இது உங்களுக்குத்தான். நம்ம நாடுதான் ஜெயிச்சுது. அதுக்கு முன்னாடி அந்த வெள்ளைக்காரன் பேர மைக்குல சொல்லுங்க. ஊரே ஒரு தபா காறித் துப்பட்டும்!"

எலியேசர் மைக்கைக் கீழே இறக்கினார். "பேரெல்லாம் எதுக்கு சார்..."

"அட, சொல்லுங்க சாரு!"

"பேரு! பேரு!" என்று பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தின.

எதிரணியில் இருந்த கங்கம்மா டீச்சர் சாவகாசமாகத் தன் மைக்கை எடுத்தார். "எப்படி சார் பேர் வரும்? போயிருந்தாத்தானே? கட்டுக்கதைக்கெல்லாமா பொன்னாடை போடுவாங்க?"

தோளருகில் வந்த பொன்னாடை அங்கேயே நின்றது. இத்தனை பேர் முன்னால் புளுகன் என்ற பட்டமா? எலியேசருக்குக் காது மடல் சூடானது. மெட்டில்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கட்டுக்கதை இல்ல டீச்சர். அவன் வெள்ளைக்காரன்னு நான் சொல்லவே இல்லையே" என்ற எலியேசர், நடுவர் பக்கம் திரும்பினார்.

"உங்க பையன் சக்திவேலுக்குன்னு நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்தனுப்பினீங்களே... அதைக் குடுக்கத்தான் சார் அந்த வீட்டுக்குப் போனேன்."