கண்ணை மூடினால் இருட்டு

இளம் தூக்கணாங்குருவிகளுக்கு அன்று கூடு கட்டும் பரீட்சை.

“கண்ணை மூடுங்க. மனசுல ஒரு கூடு தெரியும். அதைப் பார்த்துக் கட்டுங்க” என்றது வாத்தியார்க் குருவி.

பொன்னிறகு கண்ணை மூடியது. வெறும் இருட்டு. பக்கத்துக் கிளையில் கீச்சான், “ஆகா, மூணு வாசல் தெரியுது!” என்று துள்ளியது.

எனக்கு மட்டும் ஏன் ஒன்றுமே தெரியவில்லை? பொன்னிறகுக்கு அழுகை முட்டியது. சும்மா இருக்கப் பயந்து ஒரு புல்லைக் கிளையில் கட்டியது. அது வளைந்த பக்கமே இன்னொன்றைக் கோத்தது. பிடிக்காததைப் பிரித்து மறுபடி பின்னியது.

சாயங்காலம், அந்த மரத்தில் யாருமே கட்டியிராத இரட்டை அறைக் கூடு தொங்கியது. கீச்சானோ நாலு புல்லோடு நின்றது.

“மனசுல இருக்கிற மாதிரி வரவே மாட்டேங்குது. நீ எதைப் பார்த்துக் கட்டினே?”

பொன்னிறகு கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

“தெரியலையே. நானே இப்பத்தான் இதைப் பார்க்கிறேன்.”