கழற்றிய ஃபேன்

கொல்கத்தா சாந்தினி சந்தையில், தன் பழுதுபார்க்கும் கடையில் நிமாய் அந்த லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தான். மிதாலியின் இறந்துபோன கணவனுடையது. இப்போது அவளுடைய மொழிபெயர்ப்பு வேலை அதில்தான் நடக்கிறது. சூடேறி அடிக்கடி அணைந்துவிடுகிறதென்று கொண்டுவந்திருந்தாள்.

நிமாய் பேட்டரியைக் கழற்றினான். குட்டி ஃபேனையும் எடுத்துத் தூசி துடைத்து மேசைமேல் வைத்தான். எந்த வயரோடும் சேராமல் கிடந்த அந்த ஃபேன் மெல்லச் சுழலத் தொடங்கியது.

நிமாய் பதறி எழுந்துவிட்டான். மிதாலியை அவன் அண்ணி முறையில் பௌதி என்றுதான் அழைப்பான். "பௌதி, இதைக் கொண்டுபோய்க் கங்கையில வீசிடுங்க."

"என் மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. நான் வேலைய விட்டுட்டு மூலையில உக்காரணுமாம். நீ மாட்டு."

"நான் தொடமாட்டேன்."

"அப்ப ஸ்க்ரூடிரைவரக் குடு."

சுழலும் ஃபேனின் நடுவில் மிதாலி விரலை வைத்தாள். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

"உயிரோட இருந்தப்பவும் என்னை வேலை செய்ய விடல. இப்பவுமா? நில்லு!"

நின்றது. நிமாய் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, அவளே சூடு தணிக்கும் பேஸ்ட்டைத் தடவி எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். லேப்டாப் சூடேறாமல் ஓடியது. அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

வீடு திரும்பும் டிராமில், மடியிலிருந்த பைக்குள்ளிருந்து குளிர்காற்று வீசி அவள் முந்தானையைத் தூக்கியது. மிதாலி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்து, எவ்வளவு வேணா சுத்து. காலையில நான் வேலைக்கு உக்காருவேன்."